பொம்மைச் சிப்பாய்களும் ஒரு பழைய பாக்கியும்



மகள் வீட்டுக்கு நாட்டிங்ஹாம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. "டீச்சர், லண்டன் போட்டோ போடுங்க" என்று பலர் கேட்டிருந்தீர்கள். லண்டன் பார்த்தேன். ஆனால் அதிக நேரம் நான் உட்கார்ந்திருப்பது பேரன் அறையில்தான், பொம்மைச் சிப்பாய்களோடு.

அவனுக்குப் பன்னிரண்டு வயது. மேசைமேல் படைகளை நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் நடத்தும் விளையாட்டு அவனுக்கு உயிர். சின்னப் பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். எச்.ஜி. வெல்ஸ் 1913இலேயே இந்த மாதிரி விளையாட்டுக்கு விதிமுறை சொல்லி 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகம் எழுதியிருக்கிறார். பெரியவர்களும் இதில் முழுமூச்சாக இறங்குகிறார்கள்.

அவன் வாங்கியிருந்தது 6 மி.மீ. சிப்பாய்கள். ஒரு ஆள் ஒரு அரிசி மணி உயரம். வெள்ளீயக் கலவையில் வார்த்தது. ஒரு பட்டையில் நாலு பேர்.

"ஆயா, வந்தவாசி சண்டை செய்யப் போறேன். அது உங்க ஊர்ப் பக்கம்தானே?" என்றான்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "1760 ஜனவரி 22, வந்தவாசிப் போர். ஆங்கிலேயர் பக்கம் அயர் கூட் வென்றார், பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி தோற்றார்" என்று உங்களை எத்தனை முறை ஒப்பிக்க வைத்திருப்பேன்!

"கொடுடா பிரஷ்ஷை" என்று ஒரு பட்டையை வாங்கி, நாலு பேருக்கும் சிவப்புச் சட்டை போட்டுவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் அவன் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தான். சிவப்பு, வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"கழுவவே இல்லையே ஆயா" என்றான்.

பிறகு அவன் எனக்குப் பாடம் எடுத்தான். வார்க்கும்போது அச்சில் ஒட்டாமலிருக்க மாவு தூவுவார்களாம். அது பொம்மைமேல் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. அதனால் முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓரத்தில் துருத்தும் பிசிறைக் கத்தியால் சீவி, சின்ன அரத்தால் ராவ வேண்டும். பழைய வார்ப்புகளில் காரீயமும் இருக்கலாம் என்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். காய்ந்ததும் பட்டைகளை ஐஸ் குச்சியில் ஒட்டி, பிரைமர் என்ற அடிப்பூச்சை ஸ்ப்ரே செய்ய வேண்டும். ஓர் அடி தள்ளி நின்று, மெல்லிசாக. மழை ஈரத்தில் அடித்தால் சொரசொரப்பாகிவிடும். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் வண்ணம்.

வாசல் தெளித்துப் பெருக்காமல் கோலம் போடுவோமா? ஐம்பது வருஷமாக அதைச் செய்கிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பையன் ஞாபகம் வந்தான். பெயர் எழுத மாட்டேன். அவனோடு படித்தவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. உட்காரவைத்து அ, ஆ-விலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். எனக்குப் பாடத்தை முடிக்கிற அவசரம், அதிகாரி பார்வையிட வருகிறார் என்ற பயம். பதினாறாம் வாய்ப்பாட்டையும் இந்த வந்தவாசிப் போரையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்யவைத்தேன். அதிகாரி முன்னால் மணி மாதிரி ஒப்பித்தான். எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. அவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

நான் ஓய்வு பெற்ற வருஷம் ஆரணி பேருந்து நிலையத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா? இந்த பஸ் செய்யாறு போகுதா பாத்துச் சொல்லுங்க" என்றார். அவன்தான். பஸ்ஸின் நெற்றியில் பெரிய எழுத்தில் 'செய்யாறு' என்று எழுதியிருந்தது. "போகும்ப்பா" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் பேச எனக்கு நா எழவில்லை.

கழுவாத உலோகத்தின்மேல் நான் பூசிய பெயின்ட் அது.

என் சிப்பாய்களைப் பேரன் சுரண்டி, கழுவி, மறுபடி என்னிடமே கொடுத்தான். இந்த முறை நிற்கிறது. 60க்கு 30 மி.மீ. அட்டையில் ஒட்டி, பசை தடவி மணல் தூவினோம். அவன் இங்கிலாந்துப் பச்சைப் புல்லை எடுத்தான். "நம்ம ஊர் மண்ணு பழுப்புடா. புல்லு திட்டுத் திட்டாத்தான் இருக்கும்" என்று நான் சொல்ல, மாற்றிக்கொண்டான். படம் கீழே.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடம் முடியாவிட்டால் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. பின்தங்கிய பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள்.

அவன் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவை அவனால் படிக்க முடியாது. அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் டீச்சர் வீட்டுக்கு வருகிறேன் என்று அவனிடம் சொல்லுங்கள். மன்னிப்பை நேரில் கேட்டுக்கொள்கிறேன். அவன் சம்மதித்தால் சாயங்காலங்களில் அ, ஆ-விலிருந்து தொடங்கலாம். எனக்கு இப்போது எந்த அவசரமும் இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்