போர் மட்டும்தான்

"சின்ன வயதில் உங்களைப் பாதித்த சம்பவம் ஏதும் உண்டா?" என்று அந்தச் சமூகப் பணியாளர் கேட்டபோது, "இல்லை, போர் மட்டும்தான்" என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் பகிடி விடவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு 39 வயது, 118 கிலோ, நீரிழிவு. ஒன்ராறியோவில் எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்கான செலவை மாகாணக் காப்புறுதி ஏற்கிறது. ஆனால் நேரே போய்க் கட்டிலில் படுத்துவிட முடியாது. தாதி, உணவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒரு வரிசை இருக்கிறது. இரைப்பையை ஒரு கோழிமுட்டை அளவுக்குச் சுருக்கிக் குடலோடு இணைத்துவிடுவார்கள். பிறகு ஆயுளுக்கும் விற்றமின் குளிசை. சாப்பாட்டில் ஆறுதல் கண்டவருக்கு அந்த ஆறுதல் ஒரே நாளில் பறிபோகும். சிலர் பின்னர் குடிக்குப் போய்விடுவதும் உண்டு. அதனால்தான் மனதையும் பார்க்கிறார்கள். எனக்கோ அது சோதினை போலத்தான் பட்டது. மாமி வேறு பயப்படுத்தியிருந்தா: "சண்டை, இடப்பெயர்வு எண்டு ஒண்டும் வாய் விட்டிடாதை பிள்ளை. மனவருத்தம் எண்டு எழுதிப்போட்டு ஒப்பரேசன் தரமாட்டினம்."

வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினேன். 1980களில் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடை குறைப்புச் சிகிச்சை நடத்தியிருக்கிறார். நன்றாக மெலிந்துகொண்டிருந்தவர்களே இடையில் விட்டுப் போனது அவருக்குப் புதிராக இருந்தது. விசாரித்தால், அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். சிலருக்கு அந்தப் பருமனே காவல். அதிலிருந்து வளர்ந்த ஆய்வை அவரும் ரொபேர்ட் அண்டாவும் இன்னும் சிலரும் 1998இல் வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்த பத்துக் கேள்விகள் இன்று எங்கும் புழங்குகின்றன. அடி, ஏச்சு, வீட்டில் குடி, பிரிந்த பெற்றோர். எனக்குக் கிடைத்த புள்ளி பூச்சியம். அப்பா குடித்ததில்லை. அம்மாவின் ஈர்க்கு அடியை நான் கணக்கில் எடுக்கவில்லை. போதிய சாப்பாடு இல்லாமல் இருந்ததா என்று ஓரிடத்தில் வருகிறது, பெற்றோரின் கவனிப்பின்மையாக. 'ஆம்' என்று போட்டால் அம்மாவைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். போர் பத்தில் ஒன்றிலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பின்னர் ஆக்கிய வினாக்கொத்தில்தான் அது வருகிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு மூன்று. கொக்குவிலில் இருந்து தென்மராட்சிக்கு இலட்சக்கணக்கான சனத்தோடு நாங்களும். அப்பா உருட்டிய சைக்கிளில் அரிசியும் அம்மம்மாவும். நாவற்குழிப் பாலத்தடியில் சனம் அசையவில்லை, மழை வேறு. தம்பிக்கென்று எடுத்த ஒரு பிஸ்கட் பைக்கற்றை அம்மா துணிப்பையில் வைத்து, பையை என்னிடம் தந்திருந்தா. பொருளாதாரத் தடைக் காலம். பிஸ்கட் என்பது சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. இருட்டில் ஒவ்வொன்றாக எடுத்து, கடித்தால் சத்தம் கேட்கும் என்று வாயில் ஊறவைத்து முழுவதையும் தின்றுவிட்டேன். விடிய அவன் கேட்டு அழுதான். "எங்கையோ விழுந்திட்டுது" என்றேன். சாவகச்சேரி மட்டும் அழுதுகொண்டு வந்தான்.

இது செத்துப்போன தம்பியின் கதை அல்ல. அவன் மார்க்கத்தில் வீடு வாங்கி நன்றாக இருக்கிறான். அதனால்தான் இதை எவருக்கும் சொன்னதில்லை. காலை இழந்தவர்களும் பிள்ளையை இழந்தவர்களும் இருக்கிற சனத்துக்குள் பிஸ்கட்டைச் சொல்லி அழுவதா?

ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குசினிக்குள் லைற் போடாமல் நின்றபடி நான் சாப்பிடுகிறேன். பிஸ்கட்டை இன்னும் வாயில் ஊறவைத்துத்தான். கணவருக்கும் தெரியாது. கார் லாச்சிக்குள் எப்போதும் ஒரு பைக்கற் கிடக்கும். நீரிழிவுக்கு அந்த இரவுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் குடும்பத்தில் அது பரம்பரையாகவே உண்டு.

அடுத்த சந்திப்பில் சொல்லிவிட்டேன். மாமி பயந்ததுபோல மறுக்கவில்லை. உளவளத்துணையாளரிடம் ஆறு முறை போய் வரச் சொன்னார்கள், திகதி தள்ளிப்போனது. தள்ளிப்போனதில் எனக்குக் கோபம்தான்.

"அங்கை என்னதான் கேக்கினம்?" என்றா அம்மா. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தா. பிஸ்கட் கதையைச் சொன்னேன். கை நிற்கவில்லை.

"காலமை பையுக்கை தூள் கிடந்தது. எனக்கு அப்பவே தெரியும்."

"பிறகேன் ஏசேல்லை?"

"பசிச்ச பிள்ளையை என்னெண்டு ஏசுறது?"

கொஞ்ச நேரம் கழித்து, தானும் அப்பாவும் அந்த இரண்டு நாளும் ஒன்றும் சாப்பிடவில்லை என்றா. இருபத்தொன்பது வருடத்தில் அதை அன்றுதான் கேட்டேன். மேற்கொண்டு கேட்கப் போக, வெங்காயம் எடுக்கவென்று எழும்பிவிட்டா.

சத்திரசிகிச்சை தை மாதம் என்றிருக்கிறார்கள். இரவில் இப்போதும் எழும்புகிறேன். சாப்பிடுவதென்றால் லைற்றைப் போட்டு, கதிரையில் இருந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார் அந்தத் துணையாளர். நாலு நாளில் மூன்று நாள் போடுகிறேன்.