இரண்டு பங்கு சம்பளம்

மேல் பஞ்சமம் எனக்கு எட்டாது. முப்பத்திரண்டு வருஷம் நாயனம் ஊதிச் சாப்பிட்டவன் இப்படி எழுதினால், படிக்கிறவர்கள் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கமில்லை, கணக்கு. மேல் ஸட்ஜத்தைத் தொடுவேன். காந்தாரம் வரை போய் நின்றால் அன்று நல்ல நாள். அதற்கு மேலே நான் ஊதியதாகக் காஞ்சிபுரத்தில் நாலு பேர் நம்பிக்கொண்டிருப்பது எதுவும் நான் ஊதியதில்லை.

நாயனம் பழகாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் திருட்டு எப்படி நடந்தது என்று புரியாது. விரல் வைக்க ஏழு துளைதான். கீழ் ஸ்தாயிக்கும் அதே ஏழு, மேல் ஸ்தாயிக்கும் அதே ஏழு. விரல் இருந்த இடத்திலேயே இருக்க, சீவாளியில் உதட்டின் பிடியும் மூச்சின் வேகமும் மாறினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறிவிடும். பக்கத்தில் நின்று விரலைப் பார்க்கிறவருக்கு நான் மேலே இருக்கிறேனா, கீழே இருக்கிறேனா, ஊதுகிறேனா இல்லையா என்பதே தெரியாது. கன்னத்தை உப்பிக்கொண்டால் போதும். அதோடு, நாங்கள் எப்போதும் ஜோடி. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் விடாமல் பிடிப்பார். கேட்கிறவர் காதுக்கு ஒரே ஓட்டமாக இருக்கும். யார் எந்த இடத்தை ஊதினார் என்று பிரித்துச் சொல்லத் தவில்காரரால்தான் முடியும். தவில்காரர் சொல்ல மாட்டார்.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி நெய்தவர். கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், ஒரு ஆளால் ஆகாது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கும் பையனாக ஆறு வருஷம் இருந்தேன். சேலையைக் கடையில் விரிக்கும்போது நெய்தவர் பேரே வராது, கரை தள்ளிய பையன் பேர் எங்கே வரும்? அந்தக் கோபத்தில்தான் நாயனத்துக்குப் போனேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு நிஜமில்லை. கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நடக்கிறவனை எல்லோரும் பார்க்கிறார்கள், அதுதான் பிடித்தது.

வாத்தியார் ஒரே ஒரு சாதகம்தான் வைத்தார். காலையில் எதிர்வீட்டுத் தறி ஓட ஆரம்பித்ததும் திண்ணையில் உட்கார வேண்டும். கீழ் ஸட்ஜத்தைப் பிடித்து, தறிப் பலகை அடிக்கிற சத்தத்தை எண்ண வேண்டும். ஒரு மூச்சுக்கு இருபது அடி, சத்தம் நடுங்காமல். வந்தால் ரிஷபம், அதிலும் இருபது. "இருபது வராத ஸ்வரத்துக்கு மேல போவாதே" என்பார். அவ்வளவுதான் பாடம். இப்படியே போனால் மத்தியமத்துக்கே மூன்று மாதம் ஆகும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பவர்கள் முன்னால் ஒரே ஸ்வரத்தை மாடு கத்துவதுபோல் ஊதிக்கொண்டிருக்க எனக்கு வெட்கம். பன்னிரண்டில் விட்டுவிட்டு இருபது என்று சொல்வேன். அவர் திட்டியதில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இன்னொரு தரம் ஊது, நான் எண்றேன்" என்பார். அந்த நாட்களில் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

அவர் இல்லாத நேரத்தில் சினிமாப் பாட்டு. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் மல்லுக்கு நிற்கும் 'சிங்கார வேலனே' இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு வரவேற்பு நடந்ததில்லை. அந்த வேகத்தை விரலில் ஏற்றிக்கொண்டேன். விரல் நல்ல விரல், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிருகாக்கள் பறக்கும். மேலே போகும் இடங்களில் உதட்டைக் கடித்து, சீவாளியைப் பல்லோடு அழுத்தி, எப்படியோ எட்டிவிட்டு இறங்கிவிடுவேன். தொடுவது வேறு, நிற்பது வேறு. ஒரு மணி நேரம் ஊதினால் உதடு மரத்துப்போகும். அதற்கப்புறம் சுருதி சரியும், சத்தத்தில் பிசிறு தட்டும்.

சாதகம் செய்யாதவனுக்குச் சாக்கு நிறைய கிடைக்கும். முதலில் சீவாளி. காவிரிக்கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையில் செய்வது. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. நல்ல சீவாளியைப் பிளேடால் சுரண்டி மெலிதாக்குவேன். மெலிந்த சீவாளியில் மேல் ஸ்வரம் சுலபமாக வந்துவிடும். ஆனால் கீழே கனம் போய்விடும், கீச்சுக் குரலில் நாயனம் கெஞ்சும். எத்தனை சீவாளியைக் கொன்றேன் என்று கணக்கில்லை. அடுத்த சாக்கு இன்னும் பெரியது. இன்று எல்லார் கையிலும் இருக்கும் நீளமான பாரி நாயனம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையால் (1898–1956) புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் இருந்த திமிரி குட்டை, சுருதி நாலு நாலரைக் கட்டை. பாரி இரண்டு, இரண்டரை. நீளக் குழாயை நிரப்ப மூச்சு அதிகம் வேண்டும். "மனுஷன் தன் நெஞ்சுக்கு ஏத்த மாதிரி வாத்தியத்தை மாத்திட்டுப் போயிட்டார், நாம படறோம்" என்று டீக்கடையில் பேசியிருக்கிறேன். மணிக்கணக்கில் தோடி வாசித்தவரைப் பற்றி, மூன்று நிமிஷம் ஒரு ஸ்வரத்தில் நிற்க முடியாதவன் பேசிய பேச்சு.

பிறகு அந்தப் பையன் வந்தான். பத்தொன்பது வயசு, வாலாஜாபாத் பக்கம். ஒல்லியாக இருப்பான், மூச்சு மட்டும் கிணறு. மேல் ஸட்ஜத்தில் ஏறினால் தோள் அசையாது, கழுத்து நரம்பு புடைக்காது. உதட்டு ஓரம் மட்டும் லேசாக இறுகும், நடு உதடு சும்மா இருக்கும். வயிறு வேலை செய்கிறது என்பது சட்டை போடாத நாளில்தான் தெரியும். எனக்கு இரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டேன். ஏற்பாடு என்று ஒன்றும் பேசவில்லை. ஒரு கல்யாணத்தில் காம்போதி ஆலாபனை மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு உதடு விட்டுவிட்டது. நான் நிறுத்தினேன், அவன் பிடித்தான். என் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கம். ஒன்பது வருஷம்.

வரதராஜப் பெருமாளுக்கு வைகாசிப் பிரம்மோற்சவத்தில் மூன்றாம் நாள் கருட சேவை. விடிவதற்கு முன் கோபுர வாசலில் ஒரு கணம் குடையால் பெருமாளை மறைத்து எடுப்பார்கள். சோளிங்கர் தொட்டாச்சாரியாருக்காக நடக்கும் அந்த ஒரு கணத்துக்கே ஜனம் ராத்திரியெல்லாம் காத்திருக்கும். அப்புறம் கங்கைகொண்டான் மண்டபம் வரை ஊர்வலம், வெயில் ஏற ஏற நடை. நின்று ஊதுவது ஒன்று, நடந்துகொண்டே ஊதுவது வேறு. ஒவ்வொரு அடியும் சீவாளியில் அதிரும். ஒரு வருஷம் கூடப் போயிருந்தோம். காந்தி ரோடு தாண்டுவதற்குள் என் வாய் மூடிக்கொண்டது. பிறகு முழுக்க அவன்தான். ஒரு இடத்தில் மேல் பஞ்சமத்தில் நின்றான். நான் தறிச் சத்தத்தை எண்ணிப் பழகியவன், அப்போதும் மனசுக்குள் எண்ணினேன். பதினேழு வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். கன்னம் உப்பியிருந்தது, விரல் சரியான துளையில் இருந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து எனக்குச் சால்வை போட்டார். குனிந்து வாங்கிக்கொண்டேன். தவில்காரர் தன் வாரை இழுத்துக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

சம்பளத்தில் முதல் நாயனத்துக்கு இரண்டு பங்கு, இரண்டாவதுக்கு ஒன்று. அதையும் மாற்றவில்லை.

இதுவரை சொன்னதைச் சொல்வதில் எனக்கு அவ்வளவு கஷ்டமில்லை. அடுத்ததைத்தான் இரண்டு தரம் எழுதி அடித்தேன். ஒரு ஊர்க் கோயிலிலிருந்து அவனைத் தனியாகக் கேட்டு என்னிடம் வந்தார்கள், நிரந்தர வேலைக்கு. "பையன் நல்லாத்தான் ஊதுவான், சுருதிதான் இன்னும் சேரல. ரெண்டு வருஷம் போகட்டும்" என்றேன். வந்தவர்கள் என் பேச்சை மதித்தார்கள். எட்டு மாதம் கழித்து அது அவன் காதுக்குப் போனது. சண்டை போடவில்லை. "வர்றேண்ணா" என்று நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டு போனான்.

அவன் போன அடுத்த முகூர்த்தத்தில், மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு செட்டும் வந்திருந்தது. எனக்கு அன்று இரண்டு இடத்தில் சத்தம் உடைந்தது. மண்டபத்துக்குப் பின்னால் டீ குடிக்கும்போது டிரம்பெட்காரர் என் உதட்டைப் பார்த்துச் சிரித்தார், தன் மேலுதட்டை மடித்துக் காட்டினார். ஊதுவாய் அழுத்தி அழுத்தி வட்டமாகத் தழும்பு. "மேல போவணும்னா அழுத்துவோம், அழுத்தினா உதடு சாவும்." லூயி ஆம்ஸ்ட்ராங்கே அப்படி அழுத்தி உதட்டைக் கெடுத்துக்கொண்டு 1930களில் கொஞ்ச காலம் ஊதாமல் இருந்தார் என்றார். மேனார்ட் ஃபெர்குசன் என்ற கனடாக்காரர், மேல் ஸ்தாயிக்கே பேர் போனவர், 1960களின் கடைசியில் நம் பக்கம் ரிஷி வேலி பள்ளிக்கு வந்து சொல்லிக்கொடுத்த கதையும் சொன்னார். அவர் யோக மூச்சைப் பற்றி நிறையப் பேசுவாராம். "அவ்ளோ தூரத்துலருந்து இங்க மூச்சைத் தேடி வந்திருக்கான் பாருங்க" என்றார் டிரம்பெட்காரர். எனக்கு டீ இறங்கவில்லை. என் மூச்சு எதிர்வீட்டுத் தறியில் இருந்தது.

இப்போது திரும்ப உட்காருகிறேன், வயசு ஐம்பத்தெட்டு. எதிர்வீட்டில் தறி இல்லை, குழியை மூடி டைல்ஸ் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். செல்போனில் தாளம் வைத்து எண்ணுகிறேன். மத்தியமத்தில் பதினாலு. அதற்கு மேல் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஒரு வீடியோ கொண்டுவந்தாள். யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதே கருட சேவை. கூட்டத்துக்கு நடுவில் என் முகம், உப்பிய கன்னம், அந்தப் பஞ்சமம். அவன் ஃபிரேமுக்கு வெளியே, தோள் மட்டும் தெரிகிறது. கடைசி வரை கேட்டுவிட்டு, "தாத்தா, இது நீயா ஊதுற?" என்றாள்.

"பின்னே யாரு?" என்றேன்.