முடி கொட்டுகிறதா? ரத்தத்தையும் பாருங்கள்!

செய்யூர்ப் பக்கம் முடி கொட்டுகிறது என்று சொல்லிப் பாருங்கள். "உப்புத் தண்ணிம்மா, அதான்!" என்பார்கள். உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறதே, பழியைப் போட வசதி!

பிரசவமான இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொட்டுவது சகஜம், தானே நின்றுவிடும். எனக்கோ சின்னவனுக்கு ஒன்றரை வயதாகியும் நிற்கவில்லை. சீப்பை எடுக்கவே பயம். மாமியார் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சிக் கொடுத்தார். வாசனை என்னவோ பிரமாதம்!

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.2. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே!

பிறகு மதுராந்தகத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் முடியைப் பார்ப்பதற்கு முன்னால், "மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டார். ஏழெட்டு நாள் என்றேன். "ஃபெரிட்டின் பாத்துடலாம், கூடவே தைராய்டும்" என்றார்.

"முடிக்குப் போயா இவ்வளவு செலவு?" என்று இவர் முணுமுணுத்தார். டாக்டர் அவருக்கும் சேர்த்தே விளக்கினார். உலையில் கொதிக்கிற அரிசி ஹீமோகுளோபின். குதிரில் இருக்கிற அரிசி ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்து. முதலில் குதிர்தான் காலியாகும். அதுவரை உலை வழக்கம்போலக் கொதித்துக்கொண்டிருக்கும்!

15-க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்ததாக அர்த்தமாம். எனக்கு 8. தைராய்டில் கோளாறு இல்லை.

"முடி இதனாலதான் கொட்டுதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். அதுக்குப் பல காரணம் உண்டு. ஆனா குதிர் காலியா இருக்கறப்போ சும்மா விடக்கூடாது" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அது ஹீமோகுளோபினை மட்டும் பார்த்த கணக்கு. என்னைப் போன்றவர்கள் அதில் சேர்த்தியே இல்லை!

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு காபி, டீ கூடாது. எலுமிச்சை ஜூஸ் நல்லது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். (பரிசோதிக்காமல் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்!) மூன்று மாதத்தில் 27 ஆனது. படியேறினால் இப்போது மூச்சு வாங்குவதில்லை. நெற்றியோரம் குட்டி முடி தெரிகிறது. சீப்பில் இன்னும் கொஞ்சம் வரத்தான் செய்கிறது.

நாத்தனார் பெண்ணுக்கும் இதே புகார். அவளுக்கு இப்போதுதான் ஜுரம் விட்டிருக்கிறது. ஜுரத்தில் ஃபெரிட்டின் ஏறி, குறைவை மறைத்துவிடுமாம். நன்றாகத் தேறட்டும், பிறகு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.