பால்மாவு டப்பா: சில குறிப்புகள்

நெஸ்லேயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்று திணற வேண்டியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோ தோட்டத்துச் சிறுவர்கள், பிரான்சின் பெரியே தண்ணீர், 2015இல் நம் ஊர் மேகி என்று சர்ச்சைகள் பல. இவற்றுக்கெல்லாம் முந்தியது குழந்தைப் பால்மாவு விவகாரம். என் மனதை விட்டு அகலாததும் அதுதான். இந்தப் பக்கங்கள் அதற்கு மட்டும்.

*

சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் 1867 வாக்கில் ஹென்றி நெஸ்லே பாலும் கோதுமையும் சர்க்கரையும் சேர்த்து ஒரு மாவு தயாரித்தார். தாய்ப்பால் கிடைக்காத சிசுக்களுக்காக. அதனால் பிழைத்த குழந்தைகள் உண்டு. தாயை இழந்த குழந்தைக்கும் தாய்ப்பால் கொடுக்கவே முடியாத நிலையில் உள்ளவர்களுக்கும் இன்றும் அந்த டப்பா வேண்டும். பாட்டில் கொடுக்கும் எந்தத் தாயையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. டப்பா தேவைப்படாத வீட்டுக்குள் அதை எப்படி நுழைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

*

கம்பெனிகள் மருத்துவமனைகளுக்குக் கொடுத்த இலவச டப்பா வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்க வேண்டும். இது புரியாவிட்டால் மற்ற எதுவும் புரியாது.

தாய்ப்பால் கொடுக்கக் கொடுக்கத்தான் ஊறும். குழந்தை சப்பும்போது தாயின் உடம்பில் புரோலாக்டின் சுரக்கிறது. மார்பு எவ்வளவு காலியாகிறதோ அதற்கேற்ப அடுத்த பால் ஊறுகிறது. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். ஆனால் பிள்ளை அழும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியாரோ அத்தையோ, "பால் பத்தல போலிருக்கும்மா, புள்ள பசியில கத்துது பாரு" என்பார். பிரசவ வார்டுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. அந்த நேரம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டப்பா இருந்தால் யாருக்கும் ஒரு பாட்டில் கலக்கத்தான் தோன்றும். வயிறு நிறைந்த பிள்ளை தூங்கிவிடும், மார்பைத் தேடாது. தேடாததால் பால் ஊறாது. ஊறாததால் அடுத்த வேளையும் பாட்டில். இலவச டப்பா காலியாகும்போது தாய்ப்பாலும் குறைந்து போயிருக்கும். அடுத்த டப்பாவைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

காசு இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? ஒரு வாரத்து மாவை இரண்டு வாரத்துக்கு இழுப்பார்கள். கரண்டி குறையும், தண்ணீர் கூடும். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், சத்து இருக்காது. தண்ணீரோ குளத்திலிருந்து வந்தது. வேளைக்கு வேளை காய்ச்ச விறகு இல்லை. பாட்டிலைக் கொதிக்க வைக்கப் பாத்திரம் இல்லை. முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு மெலிவு, மறுபடியும் வயிற்றுப்போக்கு. 1960களிலும் 70களிலும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் குழந்தை மருத்துவர்கள் கண்ணால் பார்த்தது இது.

அந்த நாடுகளின் மருத்துவமனைகளுக்கு நர்ஸ் உடை போட்ட விற்பனைப் பெண்களைப் பால்மாவுக் கம்பெனிகள் அனுப்பின. பால் நர்ஸ் என்றே அவர்களுக்குப் பெயர். சிலர் நிஜமாகவே பயிற்சி பெற்ற நர்சுகள். கூடுதல் சம்பளத்துக்கு வந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அந்த வெள்ளை உடை ஆஸ்பத்திரியின் குரல். அந்த நம்பிக்கையை விற்பனைக்குப் பயன்படுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

*

எச்சரிக்கை முன்பே வந்துவிட்டது. சத்துக்குறைவால் வரும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகுக்கு அடையாளம் காட்டிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். பேச்சின் தலைப்பு 'பாலும் கொலையும்'. டின் பாலைக் குழந்தைக்கு ஏற்றது என்று பரப்புவதால் வரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஊரின் வியாபாரிகளும் பெரிய மனிதர்களும். அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

*

1974. லண்டனின் 'வார் ஆன் வான்ட்' அமைப்புக்காக மைக் முல்லர் எழுதிய சிறு நூல் 'பேபி கில்லர்'. பெர்ன் நகரத்து இளைஞர் குழு ஒன்று அதை ஜெர்மனில் போட்டது. தலைப்பில் பூசி மெழுகாமல் 'நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது' என்றே வைத்தார்கள். கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. 1976இல் தீர்ப்பு: 13 பேருக்குத் தலா 300 பிராங்க் அபராதம். அந்தத் தலைப்பை நியாயப்படுத்த முடியாது என்றார் நீதிபதி. கூடவே, கம்பெனி தன் விளம்பர முறைகளை அடியோடு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னார். வழக்கில் ஜெயித்தது நெஸ்லே. ஆனால் அதுவரை சிலருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி உலகப் பத்திரிகைகளுக்குப் போனது.

*

1977 ஜூலை 4, அமெரிக்காவின் மினியாபோலிஸில் நெஸ்லே பொருள்களின் புறக்கணிப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு எட்வர்ட் கென்னடி தலைமையில் அமெரிக்க செனட் விசாரணை. சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் உங்கள் பொருளை விற்கலாமா என்று கேட்டார் கென்னடி. தண்ணீருக்குக் கம்பெனி பொறுப்பாக முடியாது என்பதுதான் நெஸ்லே தரப்பு பதிலின் சாரம்.

இந்தப் பதிலை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய் போடுவது கம்பெனியின் வேலை இல்லைதான். ஆனால் எந்த ஊரில் என்ன தண்ணீர் என்று அறிந்தேதான் அந்த ஊருக்கு டப்பாவை அனுப்பினார்கள். அறிந்து செய்ததற்குப் பொறுப்பு உண்டு.

*

1981 மே. உலக சுகாதார சபையில் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களுக்கான விற்பனை விதிகள். ஆதரவு 118, எதிர்ப்பு 1, நடுநிலை 3. அந்த ஒற்றை எதிர்ப்பு ரீகனின் அமெரிக்கா. விதிகளைப் பின்பற்றுவதாக நெஸ்லே ஒப்புக்கொண்டதால் 1984இல் புறக்கணிப்பு நின்றது. மருத்துவமனைகளுக்கு இலவச மாவு போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று குற்றம்சாட்டி 1988இல் மறுபடி தொடங்கினார்கள்.

*

இந்தியச் சட்டம் 1992இல் வந்தது, 2003இல் இறுக்கினார்கள். நல்ல சட்டம். இரண்டு வயதுவரைக்குமான பால்மாவுக்கும் குழந்தை உணவுக்கும் விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டாக்டர்களுக்குப் பரிசோ கருத்தரங்கச் செலவோ கூடாது. மருந்துக்கடையில் பால்மாவு டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கொழுகொழு குழந்தைப் படம் இருக்காது. தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு இருக்கும். அந்த வெற்றிடத்தை வாங்கித் தந்தவர்கள் மருத்துவர்களும் நுகர்வோர் அமைப்புகளும்.

*

2024 ஏப்ரல். 'பப்ளிக் ஐ', இப்ஃபான் என்ற இரு அமைப்புகளின் அறிக்கை. ஆறு மாதக் குழந்தைக்கான நெஸ்லே தானிய உணவு: சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் சேர்த்த சர்க்கரை இல்லை. அதே வயதுக்கான கோதுமை செரலாக்கில் எத்தியோப்பியாவில் ஒரு வேளைக்கு 5 கிராமுக்கு மேல், தாய்லாந்தில் 6 கிராம். இந்திய செரலாக் வகைகளில் சராசரியாக ஒரு வேளைக்கு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உள்ளூர்ச் சட்டப்படிதான் தயாரிக்கிறோம், ஐந்து ஆண்டுகளில் 30 சதவீதம் வரை குறைத்துவிட்டோம் என்றது கம்பெனி. அதே ஆண்டு பிற்பாதியில் சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளை அறிவித்தது. அப்படியானால் முன்பே முடிந்திருக்கும். வெவேயில் வளரும் பிள்ளைக்கு எது கூடாது என்று தெரிந்ததோ, அது வேலூரில் வளரும் பிள்ளைக்கும் கூடாது என்று தெரியாமலா போயிருக்கும்?

*

அடுத்து பார்க்க வேண்டியது வயது வரம்பு. நம் சட்டம் இரண்டு வயதோடு நிற்கிறது. வளரும் குழந்தைகளுக்கான பால்மாவு என்று அதற்கு மேல் விற்பதை விளம்பரப்படுத்தலாம். பல கம்பெனிகளின் வரிசையில் சின்னக் குழந்தை டப்பாவும் பெரிய குழந்தை டப்பாவும் ஒரே பெயரும் நிறமும் கொண்டவை. எண் மட்டும் 1, 2, 3 என்று மாறும். ஒன்றுக்குச் செய்த விளம்பரம் மற்றதற்கும் போய்ச் சேர்கிறது. மூன்று வயதுவரைக்கும் உள்ள பால்மாவுகளையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே வழிகாட்டியது. டெல்லி அதை ஏற்கச் சட்டத்தில் இரண்டு என்ற எண்ணை மூன்றாக்கினால் போதும்.