எப்போது முடியும்?



நம் சபையின் மகள் ஒருத்தி மூலக்கூறு மருத்துவத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருவதை நீங்கள் அறிவீர்கள். அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து, வாசலில் கைகொடுக்கையில், "ஆறு வருஷமாகிறதே அம்மா, எப்போது முடியும்? மருந்து ஏதாவது கண்டுபிடித்தாயா?" என்று கேட்டேன். சுற்றிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் தாயார் சிரிக்கவில்லை.

அந்த வாரமே நம் மூப்பர் ஒருவரின் வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். இரத்தப் புற்றுநோய்க்காகப் பதினோரு ஆண்டுகளாக நாள்தோறும் உணவோடு ஒரு மாத்திரை உட்கொள்கிறார். நோய் வேரற்றுப் போகவில்லை, அடங்கியிருக்கிறது. அட்டையில் இமாடினிப் என்றிருந்தது. "இதைக் கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆகியிருக்கும் ஐயா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

1960இல் அமெரிக்காவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர், இந்நோயுள்ளவர்களின் இரத்த அணுக்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்த ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அவர்களுடைய ஊரின் பெயரால் அதைப் பிலதெல்பியா குரோமோசோம் என்றார்கள். (வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளில் ஒன்றின் பெயர் ஆய்வுக்கூடத்தில் வழங்குவது எனக்குப் புதுமையாயிருந்தது.) அது ஏன் சிறுத்தது என்பது மேலும் 13 ஆண்டுகள் விளங்கவில்லை.

விளக்கியவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி, நான்கு மகன்களின் தாய். குரோமோசோம்களின் புகைப்படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, உணவு மேசையின்மேல் பரப்பி இணை சேர்ப்பாராம். காகிதப் பொம்மை விளையாடவா அம்மாவுக்குச் சம்பளம் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேசையில்தான், 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். ஆண்டு 1973. அன்றும் மருந்து இல்லை.

இடம் மாறி ஒட்டிக்கொண்ட துண்டுகள் ஒரு நொதியை உண்டாக்குகின்றன என்பதும், பெருகு, பெருகு என்று அது இரத்த அணுக்களுக்கு ஓயாமல் கட்டளையிடுகிறது என்பதும் 1980களில் தெளிவாயின. அந்த நொதி ஆற்றல் பெறும் குழியில் போய் அமர்ந்து அதை அடக்கும் மருந்துப் பொருள் சுவிட்சர்லாந்தில் நிக்கோலஸ் லைடனின் குழுவில் உருவாயிற்று. ஓரிகனில் பிரையன் டிரக்கர் அதை ஆய்ந்தபோது, நோயுற்ற அணுக்கள் மடிந்தன, நலமானவை பிழைத்தன. ஆயினும், நோயாளிகள் சிலரே என்று நிறுவனத்தார் தயங்கினார்கள். 1998இல்தான் முதல் மனிதச் சோதனை தொடங்கிற்று. வேறு சிகிச்சை பலிக்காமல் வந்து, போதிய அளவில் மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மூப்பரின் கேள்விக்கு விடை: 41 ஆண்டுகள். இந்த இடைவெளியில் எத்தனை ஆய்வு மாணவர்களிடம், எத்தனை போதகர்கள் "எப்போது முடியும்?" என்று கேட்டிருப்பார்களோ!

நான் இறையியல் கல்லூரியில் படித்தபோது கேள்விகள் கடினமாயிருந்தன. ஆனாலும், விடைகள் ஏதோ ஒரு நூலில் இருந்தன. பட்டமளிப்பு நாளும் முன்னமே குறிக்கப்பட்டிருந்தது. விடை உண்டா என்பதே தெரியாத கேள்வியோடு ஆறு ஆண்டுகள் காலையில் எழுந்து செல்வது எத்தகையது என்பதை நான் அறியேன். அறியாமல்தான் வாசலில் நின்று நகைச்சுவை பேசினேன்.

சென்ற வாரம் அவளைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை ஐயா" என்றாள். பிறகு, வளர்த்துவந்த செல்களில் பூஞ்சை புகுந்துவிட்டதையும், யாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருப்பதையும் சொன்னாள். இன்னும் எத்தனை மாதம் என்ற கேள்வி என் நாவின் நுனிவரை வந்துவிட்டது.

"அது என்ன செல், அம்மா?" என்று கேட்டேன்.

அரைமணி நேரம் சொன்னாள். பாதி எனக்குப் புரியவில்லை.