ஐந்து நாயனம், ஒரு வாய்

நாயனக்காரர் ஒருவரிடம் "உங்ககிட்ட எத்தனை நாயனம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். நேராகப் பதில் வராது. "வாசிக்கிறது ரெண்டு" என்பார். வாசிக்காதது எத்தனை என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பீரோவுக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, சாமி படத்துக்குப் பக்கத்தில் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வத்திராயிருப்பில் என் தாய்மாமாவிடம் ஐந்து இருக்கின்றன. "ஊதுறதுக்கு வாய் ஒண்ணுதான இருக்கு, அஞ்சு எதுக்கு?" என்று அத்தை முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அத்தையின் கேள்விக்கு இசை வழியாக ஒரு பதில் உண்டு. ஹார்மோனியக்காரருக்குச் சுருதி மாற்ற வேண்டுமென்றால் விரலை நகர்த்தினால் போதும். கீபோர்டுக்காரருக்கு ஒரு பொத்தான். நாயனத்தில் அது நடக்காது. குழலின் நீளமும் துளைகளின் இடமும்தான் சுருதி. உதட்டாலும் சீவாளியாலும் கொஞ்சம் இழுக்கலாம், தள்ளலாம், அவ்வளவே. இரண்டு கட்டை நாயனம் சாகும்வரை இரண்டு கட்டைதான். இரண்டரை வேண்டுமென்றால் இன்னொரு நாயனம் வாங்க வேண்டும். புல்லாங்குழல்காரர்கள் பை நிறையக் குழல் கொண்டுவருவதும், மிருதங்கக்காரர் கச்சேரிக்குக் கச்சேரி வேறு மிருதங்கம் தூக்கி வருவதும் இதனால்தான்.

உலகம் முழுக்க இந்தத் தொல்லை இருக்கிறது. மேற்கத்திய இசைக்குழுவில் டூபா என்று ஒரு பெரிய பித்தளை வாத்தியம், யானைத் தும்பிக்கையைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். அதில் சி, பி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப் என்று நான்கு வகை. தொழில்முறை வாசிப்பாளர்கள் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டாவது வைத்திருப்பார்கள். நல்ல டூபா ஒன்றின் விலை நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிப் போகும். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் அத்தை இருந்த பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார்.

2020 ஏப்ரலில் நான் ஊரிலேயே மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் மேளக்காரர்களின் அறுவடைக் காலம். அந்த வருடம் திருவிழா எல்லாம் நின்றுபோனது; நடந்த கல்யாணங்களும் மேளமில்லாமல் வீட்டுக்குள் முடிந்தன. மாமா முன்பணங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாருக்கு எவ்வளவு என்று பார்க்கத்தான் தன் டைரிகளை எடுத்தார். சிவகாசியில் அச்சடித்து நகைக்கடைகள் இலவசமாகத் தரும் டைரிகள். 1989இலிருந்து ஒவ்வொரு வருடமும் வரவு, செலவு, பஸ் காசு, தவில்காரருக்குக் கொடுத்தது, டீ, எல்லாம் இருந்தது. எனக்கு எதைப் பார்த்தாலும் எக்ஸெல்லில் போடும் வியாதி. போட்டேன்.

ஐந்தில் ஒன்று தாத்தாவுடையது. திமிரி என்பார்கள், குட்டையாக, உச்ச சுருதியில் பேசும். அந்தக் காலத்தில் மைக் கிடையாது, தேர் நான்கு வீதி சுற்றும்போது கடைசி வீட்டுத் திண்ணைவரை கேட்க வேண்டும். அதற்கு அதுதான் சரி. பிறகு பாரி நாயனம் வந்தது. நீளம் அதிகம், சுருதி இறங்கும், கனமாகப் பேசும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதம் ஆசாரி சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் பாரி நாயனத்தைச் செய்து கொடுத்ததை நாயனக்காரர்கள் எல்லோரும் ஏதோ தம் வீட்டு விசேஷம் போலச் சொல்வார்கள். ஒரு பெரிய வித்வான் சுருதியை இறக்கினால் அவரைக் கேட்டு வளர்ந்த அத்தனை பேரும் புது வாத்தியம் வாங்க வேண்டும். எங்கள் பக்கத்துக்குக் காருகுறிச்சி அருணாசலம் வழியாக அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது. 1962இல் 'கொஞ்சும் சலங்கை' வந்தபின் கல்யாண வீடுகளில் திமிரியைக் கேட்க ஆளில்லை என்று தாத்தா புலம்புவாராம். ஆனாலும் பாரி வாங்க அவருக்குக் கடைசிவரை முடியவில்லை.

மாமா 1989இல் முதல் பாரியை வாங்கினார். 1,400 ரூபாய். அத்தையின் இரண்டு வளையல் ராஜபாளையத்தில் அடகுக்குப் போயின; ஒன்று திரும்பி வந்தது. 1996இல் ஒன்று, 3,000. 2008இல் 5,500. கடைசியாக 2019 தை மாதம் 9,000. எல்லாமே நரசிங்கம்பேட்டை. வத்திராயிருப்பிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, மதுரை போய், கும்பகோணம் போய், அங்கிருந்து ஆடுதுறை பஸ் பிடித்து இறங்க வேண்டும். ஆச்சா மரத்தில்தான் கடைவார்கள். அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரமும் தூணும்தான் வேண்டும். பல பத்தாண்டுகள் வீட்டைத் தாங்கிக் காய்ந்த மரம் வெடிக்காது என்பது ஆசாரிகளின் கணக்கு. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது மாமா போய் உத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேங்கைடா, ஆகாது" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது.

கூட்டினால் நான்கு நாயனத்துக்கும் சேர்த்து 18,900 ரூபாய். முப்பது வருடத்துக்கு இது பெரிய தொகையே இல்லை. என் கழுத்தில் தொங்கும் ஹெட்ஃபோன் அதைவிடக் கூட. "இதுக்கா அத்தை இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த நிரலைக் கூட்டியிருந்தேன். சீவாளி.

நாயனத்தின் வாயில் செருகும் அந்தச் சின்னத் தட்டை, பார்த்தால் காய்ந்த இலையை மடித்த மாதிரி இருக்கும். காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் நாணலை வெட்டி, காயவைத்து, நெல்லோடு சேர்த்து அவித்து, மறுபடி காயவைத்து, நறுக்கிக் கட்டுவது. திருவாவடுதுறையில் அதற்கென்றே குடும்பங்கள் உண்டு. நல்ல சீவாளி பத்துக்கு இரண்டு தேறும் என்பார் மாமா. மீதியை வாங்கிய பிறகுதான் தெரியும். தேறியதும் எச்சிலில் ஊறி, காற்றில் அடிபட்டு, சில முகூர்த்தங்களில் தளர்ந்துவிடும். நாயனத்தில் நூல் கட்டி ஏழெட்டு சீவாளியும் ஒரு குச்சியும் தொங்குகின்றனவே, கல்யாண வீட்டில் குழந்தைகள் அலங்காரம் என்று நினைத்து இழுப்பார்களே, அவ்வளவும் மாற்று. டைரிகளின்படி முப்பத்தோரு வருடத்தில் மாமா சீவாளிக்குக் கொடுத்தது 1,12,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். நாயனங்களின் விலையைப் போல ஆறு மடங்கு. பிரிண்டரை மலிவாக விற்று மையில் காசு பார்க்கிற கதைதான், என்ன, இங்கே நாணல் அறுத்துக் கட்டுகிறவரும் பணக்காரர் ஆகவில்லை.

இன்னொரு வரியும் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2001வரை 'ஒத்து' என்று ஒரு செலவு வருகிறது. நாயனத்துக்குப் பின்னால் நின்று ஒரே சுருதியை ஊதிக்கொண்டே இருப்பவருக்குக் கொடுத்த கூலி. 2002இல் 'சுருதிப் பெட்டி' என்று ஒரே ஒரு வரி, அதன்பின் ஒத்துக்காரர் டைரியில் இல்லை. பெட்டியின் விலை அவருடைய ஒரு சீசன் கூலியைவிடக் குறைவு. இப்போது அந்தப் பெட்டியும் போய், கைப்பேசியில் இலவசச் செயலி. என்னைப் போன்றவர்கள் எழுதியதுதான். அந்த ஒத்துக்காரர் பிறகு கிருஷ்ணன்கோவிலில் டீக்கடை போட்டார்.

தவில்காரர் கணக்கு தனி. பலா மரத்தில் குடைந்த கட்டையை ஒருமுறை வாங்கினால் போதும். தோல்தான் செலவு. வலந்தலை கிழிந்தால் அன்றைய வருமானம் அதோடு போச்சு. வார் இழுத்துக் கட்டிய காலம் போய் இப்போது இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும். ஸ்பானர் வைத்து முடுக்குகிறார்கள். சத்தம் கூடியது, எடையும் கூடியது, தவில்காரர்களின் தோளைக் கேட்டால் தெரியும்.

வரவுப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கோயில் கைங்கரியத்தில் கௌரவம் உண்டு. ராஜபாளையம், சிவகாசிப் பக்கம் வசதியான கல்யாணங்களில் இப்போது செங்கோட்டை தாண்டிச் செண்டை மேளம் வருகிறது. இருபது பேர் வேட்டி கட்டி வரிசையாக நின்று அடித்தால் வீடியோவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கே பிடிக்கும். அவர்கள் அடிக்கும் நேரம் முழுக்க மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தாலி கட்டும்போது மட்டும் கை காட்டுவார்கள். கையால் செய்த உள்நாட்டு வாத்தியங்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. இயல் இசை நாடக மன்றம் வாத்தியம் வாங்கக் கலைஞர்களுக்குத் தலா 10,000 ரூபாய் உதவி தருகிறது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். "வாத்தியம் இருக்கே, சீவாளிக்குத் தருவாங்களான்னு கேளு" என்றார்.

அந்த 2020 ஆகஸ்டில் கையில் ஒன்றும் இல்லாமல் போனது. நான் பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். 2008இல் வாங்கிய நாயனத்தில் வெள்ளிப் பூண் போட்டிருந்தார், ஒரு கோயில் திருவிழாவில் கிடைத்த சன்மானத்தில் செய்தது. அதை எடுத்துக்கொண்டு ஓர் அடகுக்கடைக்குப் போனோம். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூணைக் கழட்டிக் குடுங்க, எடை போட்டுச் சொல்றேன்" என்றார்.

"நாயனத்தோட வச்சிக்கிடுங்க."

"மரத்துக்கு எடை கிடையாதுங்களே, நான் எங்க வைக்க?"

மாமா துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது அவர் சொன்னது: "ஒரு வாத்தியம் பேச அஞ்சாறு வருசம் ஆகும் மாப்ள. காத்து போய்ப் போய் மரம் பழகணும். அத எந்தத் தராசுல போடுவான்?" நான் ஒன்றும் சொல்லவில்லை. என் எக்ஸெல்லிலும் அதற்கு நிரல் இல்லை. அந்த மாதம் அத்தை ஆட்டை விற்றாள்.

ஒரு நாயனம் வாசிக்கப்படாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதை நான் அதற்கு அடுத்த வருடம்தான் பார்த்தேன். மாமா மகன் பகலில் ராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் வேலை, முகூர்த்த நாளில் லீவு போட்டுவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனம். அவனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும். அப்பாவின் ஐந்தும் அப்பாவின் உதட்டுக்குப் பழகியவை என்பது அவன் கட்சி. புதிது விலை 14,000க்கு மேல் சொன்னார்கள். பைக் தவணை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் காலமான ஒரு வித்வான் வீட்டில் மூன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். மாலை போட்ட படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கின. ஒன்றில் அணைசுக்கு மேலே விரல் நீளத்துக்கு வெடிப்பு. இன்னொன்றைக் கரையான் எடுத்திருந்தது. மூன்றாவதில் எண்ணெய்ப் பசையே இல்லை, ஆனால் உலவு முழுசாக இருந்தது. மாமா தன் சீவாளியைச் செருகி மெதுவாக ஊதிப் பார்த்தார். முதலில் வெறும் காற்று. பிறகு மோகனத்தில் நான்கைந்து சுரம். உள்ளே இருந்த அம்மா வந்து கதவோரம் நின்றார்கள்.

விலை கேட்டோம். "அவர் எவ்வளவுக்கு வாங்கினாருன்னு எனக்குத் தெரியாதுப்பா, எங்கிட்டச் சொல்லவே மாட்டாரு" என்றார்கள். மாமா 5,000 வைத்தார். அந்த அம்மா 2,000 எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி, நூலில் தொங்கிய பழைய சீவாளிகளை மட்டும் அவிழ்த்துக் கேட்டார்கள். அவிழ்த்துக் கொடுத்தோம்.

அது இரண்டரைக் கட்டை. எண்ணெய் போட்டு, நாள் தவறாமல் காலையில் ஊதி, பேச வைக்க ஏழு மாதம் ஆனது. மேல் ஸ்தாயியில் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது என்கிறான். தை முகூர்த்தத்துக்கு முன் திருவாவடுதுறை போய் சீவாளி வாங்கி வர வேண்டுமாம், இப்போது இரண்டு பேருக்கு.