ஆள் பத்தாத பள்ளிக்கூடம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பள்ளிக்கூடத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது. துருவேறிய பூட்டு. வாசல் வேம்பு அப்படியே நிற்கிறது. மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்த கொக்கியும் இருக்கிறது, துண்டைத்தான் காணோம். விடிந்து கொஞ்ச நேரத்தில் கண்மாய்க் கரையில் மஞ்சள் வேன் ஒன்று வந்து நின்று ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகுமாம். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் திரும்ப இறக்கிவிடுமாம். அம்மா சொன்னாள்.

விளாத்திகுளத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் இருக்கிறது எங்கள் ஊர். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் ஊர் ஊராகத் திறந்த பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. ஓட்டுக் கட்டடம், ஒரே கூடம், நடுவில் தடுப்புக்கூடக் கிடையாது. கிழக்குக் கோடியில் டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளோடு இருப்பார். மேற்குக் கோடியில் பெரிய சார், நான்கும் ஐந்தும் அவருடையவை. ஈராசிரியர் பள்ளி என்று இதற்குப் பெயர். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1982 ஜூனில். அடுத்த மாதம் முதல் தேதி எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதனால் பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு முதலில் வருவது புத்தக வாசம் இல்லை, வேம்படியில் சாம்பார் கொதிக்கிற வாசம்.

ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் 34. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து. என் வகுப்பில் 6 பேர்.

பெரிய சார் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான்காம் வகுப்புக்கு எழுத்து வேலை. கை எழுதிக்கொண்டிருக்கும், காது பக்கத்து வகுப்பில் இருக்கும். பின்னக் கணக்கை நான் அப்படித்தான் ஒரு வருஷம் முன்கூட்டியே கேட்டேன். ஐந்துக்குப் போனபோது அது பழகிய முகமாக இருந்தது. மெதுவாகப் படிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய நன்மை உண்டு. நான்கில் பிடிபடாதது, ஐந்தில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடி காதில் விழும். யாரும் அவனைப் பின்தங்கியவன் என்று சொல்லாமலே விட்டதைப் பிடித்துக்கொள்வான்.

வளர்ந்த பிள்ளைகளுக்குச் சின்னப் பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார் டீச்சர். என் பொறுப்பில் ஒன்றாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர். அவர்கள் கையைப் பிடித்து சிலேட்டில் எழுதப் பழக்கியபோதுதான், சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்று நானே முதல்முறையாக யோசித்தேன். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்துச் சட்டாம்பிள்ளை முறையின் மிச்சம் இது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் கற்பிப்பதைப் பார்த்து வியந்து, 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது அங்கே பரவியது. எங்கள் டீச்சர் பெல்லைப் படித்திருக்க மாட்டார். இரண்டு கையால் மூன்று வகுப்பைப் பார்க்கிறவருக்குத் தானாகவே தோன்றுகிற வழி அது.

எங்கள் பள்ளியில் தினமும் கேட்ட வார்த்தை ‘ஆள் பத்தாது’ என்பதுதான். கபடிக்கு ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். இரண்டு பக்கம் சேர்க்க வேண்டுமென்றால் ஐந்தாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் போதாது, மூன்றாம் வகுப்பையும் கூப்பிட வேண்டும், பெண் பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டமே நடக்காது. ஊருக்குள் அந்தத் தெருக்களுக்கு நடுவே கோடு இருந்தது எங்களுக்கும் தெரியும். ஆனால் வேம்படியில் கிழித்த கபடிக் கோட்டைத் தவிர வேறு கோடு போட எங்களிடம் ஆள் இல்லை. எங்களை ஒன்றாக வைத்திருந்தது உபதேசம் அல்ல, அந்தப் பற்றாக்குறைதான் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15 வந்தால் பேச்சு, பாட்டு, நாடகம் மூன்றுக்கும் ஆள் வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஆயிற்றே, நாடகம் என்றால் கட்டபொம்மன்தான். எங்களோடு படித்த ஒருவனுக்குத் திக்குவாய். அவனுக்கும் ஒரு வேஷம். சபைக்குள் ஓடி வந்து இரண்டு வரி சேதி சொல்ல வேண்டிய தூதன். ஒத்திகையில் அந்த இரண்டு வரிக்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் கட்டபொம்மன் உட்பட எல்லாரும் அசையாமல் நின்றோம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஓரமாக நின்று சிரிப்பதற்கு மிச்ச ஆள் ஏது? எல்லாரும் வேஷம் கட்டி மேடையில் நின்றோம். விழாவன்று அவன் சொல்லி முடித்தான். அவனுடைய அப்பா முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1964-இல் ‘பெரிய பள்ளி, சிறிய பள்ளி’ என்று ஒரு நூல் எழுதினார்கள். பெரிய பள்ளியில் நிகழ்ச்சிகள் அதிகம், ஆனால் சிறிய பள்ளியில்தான் பிள்ளைகள் பொறுப்பேற்றுப் பங்கெடுப்பது அதிகம் என்பது அவர்கள் கண்டது. அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தூதன் ஞாபகம்தான் வந்தது.

ஒரு நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்த கொஞ்ச நேரத்தில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். “தாயி, பயல எங்க காணோம்?” என்று பெரிய சார் குரல். அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு ஓடினாள். “காய்ச்சல் சார், காலைலருந்து கண்ணு தொறக்கல.” உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சாயந்திரத்துக்குள்ள கொறையலன்னா விளாத்திகுளம் கொண்டு போயிரணும், நான் சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். 34 தட்டில் ஒரு தட்டுக் குறைந்தால் தெரிந்துவிடும்.

என் மகள் நகரத்தில் படித்தாள். பெயர் பெற்ற பெரிய பள்ளி. ஒரு வகுப்பில் 50 பேருக்கு மேல், ஒரே வகுப்புக்கு எட்டுப் பிரிவு. ஒரு பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை என் மகளின் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைத் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். மதிப்பெண்ணைச் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எட்டுப் பிரிவுக்கும் பாடம் எடுக்கிறவருக்கு எத்தனை முகம் மனதில் நிற்கும்? ஆனால் அன்று வீடு திரும்பும் வழியில், என் குழந்தைக்கு நான் எதைக் கொடுக்கத் தவறினேன் என்று தெரிந்தது. நன்றாகத்தான் படித்தாள். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பள்ளி மேடையில் ஏறவில்லை.

எங்கள் பள்ளியிலும் குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய சார் சம்பளப் பட்டியலோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் டீச்சர் தலையில் விழும். அன்று பாடம் இல்லை, பாட்டுத்தான். ஆறாம் வகுப்புக்கு வெளியூர் போனபோது ஆங்கிலத்தில் தடுமாறி ஒரு வருஷம் அழுதேன். இவை சரிசெய்யக் கூடிய குறைகள். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்கிறது. பள்ளி சிறியதாகவே இருந்து, ஆசிரியர் மூன்றாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? பல வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து அட்டைகளை வைத்துப் படித்த செயல்வழிக் கற்றல், தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போனதே, அதன் வேர் ஆந்திரத்து ரிஷிவேலியைச் சுற்றியிருந்த சின்னஞ்சிறு கிராமப் பள்ளிகளில்தான் இருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளி போய்விட்டது. உங்கள் ஊரில் இருபது முப்பது பிள்ளைகளோடு ஒரு பள்ளி இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன்னால் ஒருமுறை அங்கே போங்கள். கண்ணில் படும் ஒரு பிள்ளையைக் காட்டி, இவனைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வேன் கொண்டுபோய் விடுகிற பள்ளிக்கும் போய் இதே கேள்வியைக் கேளுங்கள். உங்கள் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.